சந்திக்குச் சந்தி ஓர் இரும்புப் பெட்டி

செத்த பற்றரியைக் குப்பையில் போடக் கூடாது என்பது அப்பாவின் கொள்கை. நஞ்சு மண்ணுக்குள் இறங்கி, கிணற்றுக்கு வந்துவிடுமாம். கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டுக்குக் கிணறே இல்லை என்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

யுத்தச் செய்தி கேட்டுக் கேட்டு எங்கள் றேடியோ பற்றரிகளைத் தின்று தீர்த்தது. தீர்ந்தவற்றை அப்பா பல்கனியில், அம்மாவின் மோர்மிளகாய்க்குப் பக்கத்தில், வெயிலில் காயவைப்பார். காய்ந்தால் இன்னும் இரண்டு செய்திக்குத் தாங்கும். அதற்கும் மசியாதவை பிஸ்கட் டின்னுக்குள் போகும்.

"குண்டுக்குப் பாவிப்பாங்கள் எண்டு யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி கொண்டுபோகவே தடை. தமிழாக்கள் வீட்டில டின் நிறையக் கண்டா என்ன நினைப்பாங்கள்?" என்று அம்மா தினமும் கத்துவார்.

"குப்பைக்குள்ள கண்டா மட்டும் நல்லதாவோ நினைப்பாங்கள்?" என்பார் அப்பா. அதுவும் சரிதான்.

அப்பா கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் கிளாக்கர். கடிதம் எழுதினால் எதுவும் தீரும் என்று நம்பியவர். பழைய பற்றரி சேர்க்கச் சந்திக்குச் சந்தி ஓர் இரும்புப் பெட்டி வைக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் மேலிடத்துக்கு எழுதினார். பஸ் தரிப்பில் ஆளில்லாத பை கிடந்தாலே தெருவை மூடிய காலம் அது. பதில் வரவில்லை.

ஒருநாள் காலை பொலிஸ் சுற்றிவளைப்பு, வீடு வீடாகச் சோதனை. பல்கனியில் காய்ந்தவை தெருவுக்கே தெரிந்திருக்கின்றன. இன்ஸ்பெக்டர் டின்னைத் திறந்தார். தான் நிரபராதி என்று காட்ட அப்பா ஓடிப்போய்க் கடிதத்தின் பிரதியைக் கொண்டுவந்து நீட்டினார். இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"சந்திக்குச் சந்தி இரும்புப் பெட்டியா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

டின், கடிதம், அப்பா மூன்றும் ஜீப்பில் ஏறின. எனக்கு அழுகை வரவில்லை, அப்பாமேல் ஆத்திரம்தான் வந்தது. அந்த நாட்களில் ஜீப்பில் ஏறிய எல்லோரும் திரும்பி வரவில்லை. அம்மா சாப்பிடாமல் கேற்றடியிலேயே நின்றார்.

பின்னேரம் அப்பா நடந்து வந்தார். ஒரு கையில் எங்கள் டின், மறுகையில் அதைவிடப் பெரிய டின்.

கந்தோருக்கு போன் எடுத்து விசாரித்த பிறகு, இன்ஸ்பெக்டர் கடிதத்தை மறுபடி வாசித்தாராம். அவருடைய களனி வீட்டில் கிணறு இருக்கிறதாம். பொலிஸ் நிலையத்து டோர்ச் பற்றரிகளையெல்லாம் அள்ளிக் கொடுத்து, பெட்டி வைக்கும்வரை இதையும் நீங்களே வைத்திருங்கள் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, சீலும் குத்தியிருந்தார். அப்பாவின் கடிதத்துக்கு அரசாங்கத்திடமிருந்து கிடைத்த ஒரே பதில் அதுதான்.

நான் அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார். பிறகு பெரிய டின்னைத் தானே வாங்கிக்கொண்டார்.

"கட்டிலுக்குக் கீழ இடம் இருக்கு. உள்ளுக்கு வாங்கோ."