நவமணியின் எதிர்ச்சொல் வகுப்பு

நவமணியைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், அவளோடு அதிகமாகச் சண்டை போட்டவன் நான்தான் என்று சொல்வேன். 1934இல் பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிட்டங்கியின் மாடியில் எங்கள் தமிழ்ப் பள்ளி நடந்தது. கீழே அரிசி மூட்டைகள், மேலே நாங்கள். நான் அங்கே தலைமை வாத்தியார், திருநாவுக்கரசு. கோபக்காரன் என்று பெயர். பெயரில் பொய் எதுவும் இல்லை.

நவமணி பத்து காவான் என்ற ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவரின் மகள். அப்போது இருபது வயது. துறைமுகக் கூலிகளின் பிள்ளைகளுக்காகச் சின்ன வகுப்பு ஒன்று புதிதாகத் தொடங்கி, ஆறு மாதச் சோதனையாக அவளை ஆசிரியையாகப் போட்டார்கள். ஆறு மாதம் முடிந்ததும் இன்ஸ்பெக்டர் வருவார். பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரிந்தால் வகுப்பு நிலைக்கும். தெரியாவிட்டால் வகுப்பும் போச்சு, அவளும் தோட்டத்துக்கே திரும்பிப் போய்ப் பால் வாளியைத் தூக்க வேண்டியதுதான். முப்பத்தொரு பிள்ளைகளும் பழையபடி படகுத்துறையில் சுற்றித் திரியும்.

எதிர்ச்சொல் பாடத்தில்தான் எங்களுக்குள் முட்டிக்கொண்டது. ‘பெரியது சிறியது, மேலே கீழே’ என்று நான் ராகம் போடுவேன், பிள்ளைகள் பின்பாட்டுப் பாடுவார்கள். இருபது வருஷமாக அதுதான் என் வழி. அவளோ ரொட்டிப் பெட்டி அட்டைகளை வெட்டி, ஒரு அட்டைக்கு ஒரே ஒரு சொல் எழுதி, கலைத்துக் கலைத்துக் காட்டினாள். பிள்ளைகள் அந்தச் சொல்லை வாய்விட்டு வாசிக்கக் கூடாது. மனத்துக்குள் வாசித்துவிட்டு எதிர்ச்சொல்லைக் கத்த வேண்டும். ‘சூடு’ என்று காட்டினால் “குளிர்ச்சி!” என்று கூரை பறக்கும்.

“ஏம்மா, இது பள்ளிக்கூடமா, மீன் பசாரா?” என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

“ராகம் போட்டா வாசிக்கிற மாதிரிதான் தெரியும் சார். நானும் தோட்டத்துல புஸ்தகம் முழுசும் அப்படித்தான் ஒப்பிச்சேன். பத்து வயசுல எங்கப்பா ஊர்லேருந்து வந்த கடுதாசியைக் குடுத்து வாசிக்கச் சொன்னாரு. ஒரு எழுத்துகூடத் தெரியல. அவரு அதை வாங்கி மடிச்சு வச்சுக்கிட்டாரு. இப்ப நெனச்சாலும் அழுகை வருது சார்.”

எப்படியோ போ என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் மூட்டை தூக்கும் பிச்சைமுத்து மாடியேறி வந்தான். “வாத்தியாரே, கிட்டங்கிக் கதவுல ‘மூடு’ன்னு எழுதியிருக்கு. என் மவ அதப் பாத்துட்டு ‘திற, திற’ன்னு கத்துது லா! கணக்கெழுதுற கிராணி என்னை மொறைக்கிறாரு.” நான் தலையில் அடித்துக்கொண்டேன். நவமணி மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

தைப்பூசம் முடிந்த வாரம் இன்ஸ்பெக்டர் வந்தார். பாதிப் பிள்ளைகள் தண்ணீர்மலை முருகன் கோயிலில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் யாரிடமும் எதுவும் கேட்காமல், மேசை மேலிருந்த அட்டைக் கட்டை எடுத்து முதல் அட்டையை உயர்த்திக் காட்டினார். அதில் ‘உள்ளே’ என்று எழுதியிருந்தது.

“வெளியே!” என்றது வகுப்பு.

‘கீழே’ என்று காட்டினார். “மேலே!” ‘பழசு’ என்று காட்டினார். “புதுசு!”

போச்சுடா! அந்த விளையாட்டு இன்ஸ்பெக்டருக்கு எப்படித் தெரியும்? நவமணி சுவரோடு சாய்ந்து நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை.

“ஒரு சொல்கூடச் சரியில்லையே! ஆறு மாசமா என்னதான் சொல்லிக் குடுத்தீங்க?” என்று இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! “ஐயா, இவ்வளவு சரியா மாத்திச் சொல்றதுக்கு வாசிக்கத் தெரிய வேணாமா? இந்தப் பொண்ணு வச்சிருக்கிற விளையாட்டே அதுதான்!” என்று கத்திவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இந்த அட்டைங்க எல்லாம் பாத்துப் பாத்துப் பழகினதா இருக்கும். நான் புதுசா எழுதுறேன்” என்று சுண்ணக்கட்டியை எடுத்தார். பலகையில் பெரிதாக எழுதினார்: ‘நாளை பள்ளி இல்லை.’

பிள்ளைகளுக்கு நவமணி முழு வாக்கியம் எழுதிக் காட்டியதே கிடையாது. முப்பத்தொரு பேரின் உதடுகளும் ஓசையில்லாமல் அசைந்தன. காப்பிக்கடைக்காரர் மகள் மஹ்பூபா விரலால் காற்றில் எழுத்தெழுத்தாய்த் தடவிக்கொண்டே போனாள். கடைசிச் சொல்லுக்கு வந்ததும் துள்ளி எழுந்தாள்.

“நாளை பள்ளி உண்டு!”

“உண்டு! உண்டு!” என்று மற்றதுகளும் பலகையைப் பார்த்துக் கத்தின.

இன்ஸ்பெக்டர் பலகையையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ‘இல்லை’யை உள்ளங்கையாலேயே அழித்துவிட்டு, அந்த இடத்தில் ‘உண்டு’ என்று எழுதினார். நவமணி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

பிள்ளைகளுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்! புதிதாக எழுதியதை மனத்துக்குள் வாசித்துவிட்டு, முன்னைவிட உரக்கக் கத்தின:

“நாளை பள்ளி இல்லை!”

“போதும் சாமிகளா, நம்புறேன்!” என்று இன்ஸ்பெக்டர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.