குடியிலே வருத்தமாம்

மருதமுனையில் தறியடிக்கும் சுல்பிகாவின் உம்மாவும் மூத்தவளான ராத்தாவும் ஒரே மாதிரி நோயில் மௌத்தாகிப் போனவர்கள். முதலில் சீனி வருத்தம், பிறகு காது மந்தம், கடைசியில் இதயம் தளர்ச்சி. இப்போது சுல்பிகாவுக்கும் சீனி, ஒரு காதும் சரியாகக் கேட்பதில்லை. தொண்ணூற்றேழில் ஊருக்கு வந்து இரத்தம் எடுத்த பல்கலைக்கழக ஆய்வுக்குழு இதைத்தான் தேடியது. கலத்துக்குள் சக்தி உண்டாக்கும் இழைமணி தாயிடமிருந்துதான் பிள்ளைக்கு வரும், அது பழுதானால் இதயமும் களைத்துப்போகும் என்றார் குழுவின் டொக்டர் கேதீஸ்வரன்.

"எங்கட குடி வாற மாதிரியா, சேர்?" கூடியிருந்த பெண்களுக்கு முன்னால் சுல்பிகா கேட்டாள்.

"ஓம், அப்பிடித்தான்."

இந்தப் பக்கத்தில் குடி என்றால் தாய்வழியில் வரும் பெரிய வம்சம், ஊரில் பாதி வீடு அதற்குள் அடங்கும் என்று யாழ்ப்பாணத்து டொக்டருக்கு எப்படித் தெரியும்?

பின்னேரம் அஸர் தொழுகைக்குள் கதை பரவிவிட்டது. அந்தக் குடியிலே வருத்தமாம், பெண் எடுக்கக் கூடாதாம். சொந்தக் குடிப் பெண்களே, குடிக்குப் பெயர் கெடுத்தாள் என்று அவள் வாசலில் நின்று ஏசினார்கள். மகள் இன்ஷிராவின் கலியாணத்துக்கு நாள் வைக்க வருவதாயிருந்த மாப்பிள்ளையின் உம்மா நஸீறா வரவேயில்லை. சுல்பிகாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தறியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், படலை வரை போய்ப் பார்த்தாள். கடைசியில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, குழு தங்கியிருந்த கல்முனைக்கு ஓடினாள்.

"குடியில இல்லயெண்டு வந்து சொல்லுங்க சேர். புள்ளட வாழ்க்க."

"விளங்காமத் தலையாட்டிப்போட்டன். குடியில இல்லத்தான்" என்று வருந்திய டொக்டர் குரலைத் தாழ்த்தினார். "உங்கட அம்மாவின்ர வழியில மட்டும்தான். எடுத்த இரத்தத்தில உங்களுக்கு இருக்கெண்டு வந்திட்டுது. மகளுக்கும் இருக்கலாம், அவவின்ர பிள்ளையளுக்கும் போகலாம். எல்லாருக்கும் வருத்தமா வரும் எண்டில்ல."

குடி தப்பியது, அவள் மாட்டிக்கொண்டாள். பாவி மனிசி, இதைக் கேட்கவா அவ்வளவு தூரம் ஓடினாள்!

மறுநாள் டொக்டர் ஊருக்கு வந்து, குடிக்கும் வருத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சுல்பிகாவின் இரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கே நஸீறா வட்டிலப்பத்தோடு வந்துவிட்டாள்.

"குடியில ஒண்டுமில்லயாமே, மதினி. அல்லாட காவல்!" என்று இன்ஷிராவை அணைத்துக்கொண்டாள்.

பேசாமல் இருந்தால் கலியாணம் நடந்துவிடும். சுல்பிகாவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. அந்த வருத்தம்தானா, பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"குடியில இல்ல மதினி. என்னில இரிக்கி. இவக்கும் இரிக்கலாம்."

நஸீறாவின் கை மெல்ல விலகியது. இன்ஷிரா உம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அது அப்போதுதான் தெரியும்.