கைப்பேச்சில் இல்லாத சொல்

கரண்ட் போனால் ஊருக்கெல்லாம் இருட்டு. என் தங்கைக்கு மட்டும் அதுதான் காது போகிற நேரம்.

சிறு வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது, பேச்சும் நின்றுவிட்டது. நாங்கள் இருவரும் மம்சாபுரத்திலிருந்து பஸ் ஏறிப் போய், இராஜபாளையம் பக்கத்து ஷெட் ஒன்றில் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறி ஓட்டினோம். தறிகள் ஓடும்போது அங்கே இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் எல்லோருக்கும் கைதான் வாய். இழை அறுந்துபோச்சு, சாப்பிடப் போவோமா, உன் மாமியார் இன்னும் திட்டுகிறாளா, எல்லாமே விரலில்தான். வீட்டில் வாயில்லாப் பூச்சியாக இருப்பவள் ஷெட்டுக்குள் எங்களையெல்லாம் மிஞ்சிய வாயாடி. அவள் வம்பளக்கிற அழகைப் பார்த்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

அப்புறம் வந்தது அந்தப் பாழாய்ப்போன பவர் கட். நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லை. அதுவும் சொல்லிக்கொண்டா போகிறது, சொல்லிக்கொண்டா வருகிறது? ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவு மில் வாசலில் பெண்கள் வாளியோடு உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். நூல் மில்களில் ஷிப்டைக் குறைத்தார்கள். குடும்பம் குடும்பமாகச் சட்டிபானையோடு திருப்பூர் பஸ் ஏறினார்கள். அங்கே மட்டும் கரண்ட் கொட்டியா கிடக்கிறது? எங்களுக்கு மீட்டர் கணக்கில் கூலி. தறி நின்றால் கூலியும் நின்றது. ஷெட் வாசல் நிழலில் உட்கார்ந்து எல்லோரும் வாயால் பேசுவார்கள். தங்கை ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வீட்டில் வேறு ஒரு நெருப்பு. மகாராஜபுரத்தில் மனைவியை இழந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், அப்பா வயசு, இவளைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வந்துபோன நாளில் தங்கை சோற்றைத் தொட மாட்டாள்.

“வேல இருக்க மட்டும் இருக்கட்டும்” என்று அம்மா சொல்லிவிட்டாள். “நின்னுபோச்சுன்னா அவருக்கே கொடுத்திருவேன். எனக்குப் பொறவு இவளுக்கு யாருட்டி சோறு போடுவா?”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஒரு மத்தியானம் கரண்ட் திடுதிப்பென்று வந்தது. அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த தங்கையின் கை தறிக்குள் இருந்தது. “கைய எடு” என்று நாங்கள் கத்தினோம். கத்தி என்ன பிரயோஜனம்? இழையை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா அவள் விரலை உரசிக்கொண்டு போனது. நகத்தோடு போயிற்று, சாமி புண்ணியம்.

மறுநாள் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. அவரும் தறி ஓட்டி மேலே வந்தவர்தான்.

“இனி பாதித் தறிதான் ஓட்ட முடியும்மா. ஆளக் குறைச்சுத்தான் ஆகணும். ஒன் தங்கச்சிக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது. நீயே பக்குவமாச் சொல்லிரு.”

“நான் சொல்ல மாட்டேன் மொதலாளி. அவளுக்குக் காதுதான் கேக்காது, கண்ணு நல்லாத் தெரியும். நீங்களே சொல்லுங்க.”

கரண்ட் இல்லாமல் எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தபோது அவர் தங்கையின் முன்னால் வந்து நின்றார். கையைத் தூக்கியவர் திணறினார். எங்கள் கைப்பேச்சில் வேலையை விட்டு நிறுத்துவதற்குச் சைகை கிடையாது. அந்த ஷெட்டில் யாரையும் நிறுத்தியதே இல்லை. இருக்கிற சைகைகளை வைத்து ஒப்பேற்றப் பார்த்தார். தறியைக் காட்டினார், அவளைக் காட்டினார், உள்ளங்கையை விரித்து ஊதினார். ஊதினால் கரண்ட் போச்சு என்று அர்த்தம்.

தங்கை அவர் முகத்தைப் பார்த்தாள். அது செத்துக் கிடந்தது. தறி நின்ற கவலையில் பாவம் மனுஷன் தன்னிடம் வந்து புலம்புகிறார் என்று நினைத்துக்கொண்டாள். எழுந்து, கட்டுப்போட்ட விரலோடு அவருக்கு ஆறுதல் சொன்னாள். வரும், கவலைப்படாதீங்க, வரும்.

முதலாளியின் கை அந்தரத்தில் நின்றது. எங்களில் மூத்த அக்கா ஒருத்தி, வாயைத் திறக்காமல், ஒரு விரலை மறு விரலால் நடுவில் வெட்டிக் காட்டினாள். பாதி. ஆளுக்குப் பாதி நாள் ஓட்டுகிறோம், யாரையும் நிறுத்த வேண்டாம். பக்கத்துத் தறிக்காரி கையை ஆட்டினாள். கரண்ட் போனதும் இவள் தறி சுவிட்சை நான் அணைத்துவிடுகிறேன். பிறகு ஒவ்வொருவராக விரலை வெட்டிக் காட்டினார்கள். ஏற்கெனவே அரை வயிற்றுக் கஞ்சி குடிக்கிறவர்கள் அதிலும் பாதியைப் பிட்டுக் கொடுத்தார்கள். தறிச் சத்தமே இல்லை, வாயால் பேசத் தடையே இல்லை. ஆனாலும் அவளும் பார்க்க வேண்டும் என்று அத்தனை பேரும் கையால் பேசினார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இந்த மனுஷிகளோடா தினமும் பஸ் சீட்டுக்குச் சண்டை போட்டேன் என்று மலைத்துப்போனேன். தங்கைக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. தரையில் உட்கார்ந்து அழுதாள். முதலாளி சரியென்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் அம்மா வாசலிலேயே மறித்தாள். “வேல இருக்காட்டி, இல்லையா?”

நான் வாயைத் திறக்குமுன் தங்கை முன்னால் வந்து விரலை வெட்டிக் காட்டினாள். அம்மாவுக்குக் கைப்பேச்சு தெரியாது. இத்தனை வருஷத்தில் படித்துக்கொள்ளவும் இல்லை.

“என்னட்டி சொல்லுதா?”

“பாதி இருக்காம்மா.”

அம்மா தங்கையின் பக்கம் திரும்பினாள். “பாதி போதும். அந்த மகாராஜபுரத்துக்காரர இனி வர வேண்டாம்னு சொல்லிருவோம்” என்றாள். பிறகு இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினாள்.

“இத அவளுக்கு எப்பிடிட்டி சொல்லணும்?”