மேரி சென்செய் துடைப்பம் எடுத்த கதை

ஊருக்குத் தெரிந்து மாரண்டஹள்ளியிலிருந்து ஜப்பானுக்கு இங்கிலீஷ் டீச்சராகப் போன முதல் ஆள் சகாயமேரிதான். இரண்டாவது ஆள் இன்னும் கிளம்பவில்லை. முப்பத்தொரு வயது. காரிமங்கலத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆறு வருஷம் பாடம் எடுத்தவள். வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயை வைத்துத்தான் ஆன்லைன் இன்டர்வியூவில் மூன்று பேரைச் சமாளித்து வேலையைப் பிடித்தாள்.

நாகானோ பக்கம், நாலாபுறமும் மலை நிற்கும் ஒரு சின்ன ஊரில் போய் இறங்கினாள். பத்தே நாளில் எந்தக் குப்பையை எந்தக் கிழமை வெளியே வைப்பது, மிளகாய்த்தூள் எந்தக் கடையில் கிடைக்கும், பஸ்ஸில் எந்தக் கதவு வழியாக ஏறுவது என்று எல்லாம் அத்துப்படி. பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்துத் தக்காளி நாற்றைப் பார்த்து, இன்னும் இடைவெளி விட்டு நடச் சொல்லிக் கையாலேயே பாடம் நடத்தினாள். அவரும் தலையை ஆட்டிவிட்டு நட்டார். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மேரி சென்செய் என்று பெயர். சென்செய் என்றால் டீச்சர்.

வம்பு வந்தது பள்ளிக்கூடம் போன முதல் வாரமே.

அங்கே மதியச் சாப்பாடு முடிந்ததும் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவார்கள். உடனே பிள்ளைகள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தைச் சுத்தம் செய்யக் கிளம்பிவிடும். வகுப்பறை, நடைவழி, படிக்கட்டு என்று ஒன்றும் பாக்கி இருக்காது. சகாயமேரி அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல்தான் இருந்தாள். ஆனால் யூய் என்று ஒரு ஒல்லிப் பெண், திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கக்கூஸிலேயே நின்று கழுவிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏன் என்று சொல்லவேண்டும். சகாயமேரி பன்னிரண்டு வருஷமும் படித்தது ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில், ஃபீஸ் சலுகையில். அங்கே குப்பை பொறுக்க எல்லாப் பிள்ளைகளையும் விடுவார்கள். கக்கூஸ் கழுவ மட்டும் நாலு பேர் தனி. நாலு பேரும் காலனிப் பிள்ளைகள், சகாயமேரி அதில் ஒருத்தி. யாரும் கூப்பிடக்கூட வேண்டாம், மணி அடித்தால் அந்த நாலும் தானாக எழுந்து போகும். ஆறாம் வகுப்பில் ஒரு நாள் அவள் அம்மா தெரசா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள் இதைப் பார்த்துவிட்டாள். தக்காளி மண்டியில் தரம் பிரிக்கிற பொம்பளை; தயங்கவெல்லாம் இல்லை. மகள் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கி ஹெட்மிஸ்ட்ரஸ் மேஜைமேல் வைத்தாள். இனிமேல் எந்தப் பள்ளிக்கூடத்திலும் என் மகள் இதைத் தொடமாட்டாள், தொட்டால் அவள் எனக்கு மகள் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தாள். மறுநாளிலிருந்து அந்த நாலு பேரையும் யாரும் அனுப்பவில்லை. அந்தச் சொல்லுக்கு இத்தனை வருஷமாக மகளும் பங்கம் வரவிட்டதில்லை.

ஆக, புதன்கிழமை மேரி சென்செய் யூயின் கையிலிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கினாள். நீ இதைச் செய்யவேண்டாம், போய் விளையாடு என்று இங்கிலீஷில் அதட்டினாள். அந்தப் பெண் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டது. தான் சரியாகக் கழுவவில்லை என்று டீச்சர் விரட்டுவதாக அது நினைத்துக்கொண்டது.

வேலைக்கு எடுத்த கம்பெனியிலிருந்து அன்றைக்கே போன் வந்தது. முதல் ஆறு மாதம் பள்ளிக்கூடம் தருகிற அறிக்கையை வைத்துத்தான் வேலை நீடிக்குமா என்பது முடிவாகும், பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்றார்கள். துணைத் தலைமையாசிரியர் மொரிதா சார் நல்ல மனுஷர், சத்தம் போடவில்லை. டீச்சர்களும் சுத்தம் செய்வது இங்கே வழக்கம், நீங்களும் சேர்ந்துகொள்ளலாமே என்று மட்டும் கேட்டார். நான் பாடம் நடத்த வந்தவள் என்று சகாயமேரி பட்டென்று சொல்லிவிட்டாள். அவர் குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு இரண்டு வாரம், பாட்டுப் போட்டதும் அவள் ஸ்டாஃப் ரூமில் நோட்டுத் திருத்த உட்கார்ந்துவிடுவாள். வகுப்பில் ஒரு பிள்ளைகூட அவளிடம் வாய் திறக்கவில்லை. காரிமங்கலத்தில் அறுபது பிள்ளைகளைக் கத்த வைத்தவளுக்கு இந்த இருபத்தெட்டுப் பேரின் அமைதி தாங்கவில்லை. இப்படியே போனால் ஆறாம் மாதம் பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று அவளுக்கே தெரிந்தது. துடைப்பத்தை எடுத்தால் வேலை நிலைக்கும், அம்மா உறவு நிலைக்காது. அதுவும் தெரிந்தது.

மூன்றாவது வாரம் ஒரு மதியம், மறுநாள் பாடத்தைப் பற்றிக் கேட்க மொரிதா சாரைத் தேடினாள். மாடியில் இருக்கிறார் என்றார்கள். மாடியில் பையன்கள் கக்கூஸில், டையைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு, முழுக்கையை முழங்கை வரை மடித்துவிட்டு, குத்துக்காலிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார் மனுஷர்.

யார் உங்களை இதைச் செய்யச் சொன்னது என்று கேட்டுவிட்டாள். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். அவள் போனை வைத்து அதை மொழிபெயர்த்துப் படித்தாள். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒவ்வொரு பெயர். முதல் வாரம் யூய். இப்போது அந்தப் பெண்ணுக்கு நூலகத்தைத் துடைக்கிற முறை. இந்த வாரம் மொரிதா. அடுத்த வாரம் ஊர் டாக்டரின் மகன். எந்தப் பெயராவது திரும்பத் திரும்ப வருகிறதா, எந்தப் பெயராவது விட்டுப்போயிருக்கிறதா என்று இரண்டு தடவை தேடினாள். விட்டுப்போயிருந்தது அவள் பெயர் ஒன்றுதான்.

அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. கூடவே பழைய கோபமும் பொங்கி வந்தது. இவ்வளவு சுலபமான ஒரு தாளைத் தான் படித்த பள்ளியில் யாருக்கும் எழுதத் தோன்றவில்லையே என்று நினைத்து, நடைவழியில் நின்றே அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் பெயரையும் எழுதுங்கள் என்றாள்.

மறுநாள் யூயிடம் போய், மனப்பாடம் செய்து வைத்திருந்த ஜப்பானிய வாக்கியத்தில் மன்னிப்புக் கேட்டாள். துணி பிழிவது எப்படி என்று காட்டச் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே காட்டியது. அந்த வாரமே வகுப்பு முழுக்க வாய் திறந்தது. அறிக்கை என்னவாக வரும் என்ற கவலை சகாயமேரியை விட்டுப் போயிற்று. இந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தன்னால் முடியும் என்று தெரிந்துவிட்டது.

அம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. மறைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. சனிக்கிழமை வீடியோ காலில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"சீமாறு புடிக்கவா ப்ளேன் ஏறிப் போன?" என்று கேட்டுவிட்டு தெரசா போனை வைத்துவிட்டாள். அப்புறம் நாலு நாள் எடுக்கவே இல்லை. சகாயமேரிக்கு அந்த நாலு நாளும் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் தெரசாவே கூப்பிட்டாள். மண்டியிலிருந்து நேராக வந்திருப்பாள் போல, தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"அந்தப் பெரிய சாரும் கழுவுறாருன்னியே, நெசமா?"

"நெசந்தாம்மா. நானே கண்ணால பாத்தேன்."

"டாக்டரு பையன்?"

"இந்த வாரம் அவன்தாம்மா கழுவுறான்."

"யாரு பேரையாச்சும் வுட்டுட்டாங்களா, நல்லாப் பாத்தியா?"

"எம் பேரு மட்டுந்தாம்மா இல்லாம இருந்துச்சு. நாந்தான் எழுதச் சொன்னேன்."

தெரசா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அன்னிக்கி அந்த ஸ்கூல்ல இப்படி ஒரு பேப்பரு ஒட்டியிருந்தாங்கன்னா நான் எதுக்குடி சண்டைக்கி வரப்போறேன்? நானே ரெண்டு கொடம் தண்ணி கொண்டாந்து ஊத்தியிருப்பேனே." துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி, உன் மொற எப்ப?"

"வர்ற திங்கக்கெழமம்மா."

"நல்லாத் தேச்சுக் கழுவு கண்ணு. மாரண்டஹள்ளிக்காரி அரகொறையா வுட்டுட்டான்னு ஒரு பேச்சு வரக்கூடாது."