தவக்காலத்து மீன்

இன்று காலை சென்னையில் வாசலுக்கே வந்த மீன் பாக்கெட்டைப் பிரித்தேன். வாடை லேசாகத்தான் அடித்தது, ஆனால் தலையை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தார்கள். எதை மறைக்க?

புதுச்சேரி முதலியார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஒரு மீன் கொட்டகை இருந்தது; இப்போது அங்கே செல்போன் கடை. ஈரச் சாக்கும் உருகும் ஐஸும் செதில் தெறிக்கும் சத்தமுமாக இருந்த அந்தக் கொட்டகையில் அம்மா குந்திக்கொண்டு, ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கி, கண்ணை அழுத்தி, விரலை மோந்து பார்ப்பாள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இன்னும் மோசம். அன்றைக்கு நாங்கள் கறி தொடமாட்டோம் என்று தெரிந்தே மீன்காரம்மா பழைய மீனைத் தள்ளிவிடுவாள் என்பது அம்மாவின் தீர்மானம்.

“உனக்குப் போய் பழசு குடுப்பனாக்கா?” என்று மீன்காரம்மா சிரிப்பாள்.

அம்மா என் காதில், “சிரிச்சுக்கினே சொல்றா பாரு. இன்னொரு வாட்டி செவுளத் தூக்கிப் பாரு” என்பாள்.

பாக்கெட்டை மூடிவிட்டு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“எனக்கு இன்னாடி, நல்லாத்தான் இருக்கேன்” என்றாள்.

சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் புதுச்சேரி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.