அவன் கன்சோல், என் கம்ப்யூட்டர்

ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை நீளமானது. ஜும்ஆ தொழுகைக்காக மெஷின்கள் எல்லாம் நிற்கும். தொழுகைக்குப் போகாத நாங்கள் நாலைந்து பேர் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை ஒன்றாக இணைத்துக் கால்பந்து கேம் ஆடுவோம். எக்ஸ்போர்ட் பிரிவில் என் பக்கத்து சீட்டுக்காரன், என் தோஸ்த், தொழுகை முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் தொப்பியோடு ஓடி வருவான். அவனும் நானும் ஒரே டீம். எங்களை யாரும் ஜெயித்ததில்லை என்று சொல்ல ஆசைதான். ஜெயித்திருக்கிறார்கள், ஆனால் கம்மி.

பிராட்பேண்ட் ஊருக்குள் வந்த புதிது. அவனுடைய அண்ணன் தோல் கண்காட்சிக்காக வெளிநாடு போய்விட்டு வரும்போது டிவியில் மாட்டி கேம் ஆடும் பெட்டி, ஒரு கன்சோல், வாங்கிவந்தார். அடுத்த வெள்ளி இவன் ஆட வரவில்லை. சனிக்கிழமை வந்து குதித்தான்.

“அரே, டிவில போட்டு ஆடுனா இன்னா கிளியர் தெரியுமாடா! ஆன்லைன்ல வெளிநாட்டுக்காரனோடகூட ஆடலாம். வீட்டுக்கு வாயேன்.”

“வர்றேன், வர்றேன்” என்றேன். போகவில்லை. வயிறு பற்றி எரிந்தது. பெட்டியின் மேலும் பொறாமைதான், மறைப்பானேன். ஆனால் என்னை விட்டுவிட்டு எவனோ ஒருத்தனோடு ஜோடி சேர்ந்துவிட்டானே! எங்கள் கம்பெனியில் ஷூ வாங்கும் பையர்கள் பாதிப் பேர் இத்தாலிக்காரர்கள் என்பதால் அவனையும் இத்தாலிக்காரனாகவே நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் இத்தாலிக்குப் போன மெயில்களைக்கூட முறைப்பாகத்தான் எழுதினேன். சர்ச்சில் உட்கார்ந்துகொண்டு அவனைத் திட்டியிருக்கிறேன், கர்த்தர் மன்னிக்கட்டும்.

சும்மா விடுவேனா? போனஸ் வந்ததும் வீட்டுக்குக் கம்ப்யூட்டரும் பிராட்பேண்டும் வந்தன. ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்த மனைவி, “எதுக்குங்க இப்ப இது?” என்றாள். ஆபீஸ் வேலைக்கு என்று புளுகினேன். அவன் ஆடிய அதே கேமின் கம்ப்யூட்டர் சிடியைத் தேடி வாங்கினேன். ஒரே கேம்தானே, ஆன்லைனில் திடீரென்று அவன் எதிரில் போய் நின்று அசத்தலாம் என்பது திட்டம். மூன்று வெள்ளிக்கிழமை இடைவேளையில் வீட்டுக்கு ஓடி அவன் பெயரைத் தேடினேன். யார் யாரோ வந்தார்கள், அவன் வரவில்லை. கடைசியில் பிரவுசிங் சென்டர்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

“சார், கன்சோல்ல ஆடறவங்க தனி, கம்ப்யூட்டர்ல ஆடறவங்க தனி. ஒரே கேமா இருந்தாலும் ரெண்டு பேரும் பாத்துக்கவே முடியாது. இது தெரியாமயா இவ்ளோ பேஜாரு?”

அன்றிலிருந்து கன்சோல் எனக்கு எதிரி. டீ குடிக்கும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவேன். ஆன்லைனுக்குக் கம்ப்யூட்டர்தான் லாயக்கு. எதிராளியோடு டைப் அடித்துப் பேசலாம், கோளாறு என்றால் நாமே நெட்டில் தேடிச் சரிசெய்யலாம். கன்சோல் எல்லாம் சின்னப் பிள்ளைகள் சாமான். சொன்னதில் பாதி உண்மை, மீதி வயிற்றெரிச்சல். அவன் சண்டைக்கே வரமாட்டான். “சரிடா, உன்னுதுதான் பெருசு. வீட்டுக்கு எப்ப வர்ற?” என்பான். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

ரம்ஜான் பிரியாணிக்கு அழைத்தபோது தட்ட முடியவில்லை. டிவிக்குக் கீழே அந்தக் கறுப்புப் பெட்டி இருந்தது. முதல் வேலையாகப் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். கரன்ட் வயர், டிவி வயர், அவ்வளவுதான்.

“நெட் வயர் எங்கடா?”

“எங்க தெருவுக்கு இன்னும் லைனே குடுக்கலையே.”

“அப்ப அந்த வெளிநாட்டுக்காரன்?”

“எந்த வெளிநாட்டுக்காரன்? ஆடலாம்னு பெட்டி மேல போட்டிருந்துச்சு, சொன்னேன். நான் தனியாத்தான் மெஷினோட ஆடிட்டிருந்தேன்.”

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! அப்படியே சோபாவில் அவன் பக்கத்தில் உட்காரத் திரும்பினேன். அங்கே கட்டிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு கன்ட்ரோலர். “வாங்க சார்” என்றார். எழுந்திருக்கவில்லை.

“ரெண்டாவது கன்ட்ரோலர உனக்குன்னு மூணு மாசம் கவர்கூடப் பிரிக்காம வெச்சிருந்தேன்டா” என்றான் என் தோஸ்த். “உனக்குத்தான் கன்சோலே புடிக்கலையே. போன வெள்ளிக்கிழமதான் பிரிச்சேன்.”

ஆட்டம் தொடங்கியது. சூப்பர்வைசர் ஒரு கோல் அடித்தார். இவன் அவர் தோளைக் கட்டிக்கொண்டு கத்தினான். நான் பின்னால் நாற்காலியில் இருந்தபடி கை தட்டினேன்.