முள் சுற்றும் விமானத்தில் என் மகள்

நெய்யாற்றின்கரையிலிருந்து பஸ்ஸில் வரும்போது பைலட்டாக இருக்கும் என் மகள் போனில் கூப்பிட்டாள். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து விமானம் ஓட்டியே பழகியவள். இன்று முதல் தடவையாக, கடிகாரம் மாதிரி முள் சுற்றும் மீட்டர்கள் உள்ள பழைய சரக்கு விமானம்.

“உயரம் பாக்கப் போனா கண்ணு பழைய இடத்துக்கே ஓடுதும்மா” என்று சொல்லிவிட்டு, விமானம் ஏறப் போனை வைத்துவிட்டாள்.

போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவள் விசாரித்தாள், சொன்னேன்.

“பேடிக்காதீங்க அக்கா, பயம் வேண்டாம். செங்கல் ஊரு சிவன் கோயிலுக்காக்கும் போறேன். மொவளுக்கு ஒரு அர்ச்சனை செய்யச் சொல்லுதேன். நட்சத்திரம் என்ன?”

“நாங்க வேதக்காரங்களாக்கும், சர்ச்சுக்குப் போறவங்க. அதெல்லாம் தெரியாது.”

“பிறந்த தேதியும் நேரமும் தெரியுமா?”

சொன்னேன். போனில் பார்த்து, “பூரமாக்கும்” என்றாள்.

இன்னும் மகளிடமிருந்து தகவல் இல்லை. பைபிளில் சங்கீதம் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் சபைப் போதகர் ஐயா, இந்தப் பதிவைப் பார்த்தால் கோபப்படாதீர்கள். அவள் தரையிறங்கிய பிறகு திட்டுங்கள்.